92-ஆ, 95-ஆ? பெகுவில் வண்டிக்கு எந்த பெட்ரோல் போடுவது

ரங்கூன் நகரத்துக்குள் 2003-லிருந்து மோட்டார்சைக்கிளுக்குத் தடை. அங்கிருந்து 80 கிலோமீட்டர் தள்ளி எங்கள் பெகுவுக்கு வந்தால் வீட்டுக்கு வீடு வண்டி நிற்கும். 22 வருஷமாக இந்த ஊரில் வண்டி பழுது பார்க்கிறேன். புது வண்டி வாங்கின பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணே, 92 போடவா, 95 போடவா?" விலை கூடினால் நல்லதாகத்தான் இருக்கும் என்று பழைய ஹோண்டா வேவ் வண்டிக்குக்கூட 95 போடுகிறார்கள். நாள் கூலிக்குப் போகிற பிள்ளை அப்படிக் காசை விடுவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பெட்ரோல் கடைப் பலகையில் 92 ரான், 95 ரான் என்று இருப்பது பெட்ரோலின் சக்தியைச் சொல்லும் எண் அல்ல. இன்ஜினுக்குள் பிஸ்டன் மேலே வரும்போது பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை நெருக்கப்படுகிறது. நெருக்க நெருக்கச் சூடேறும். பிளக் பொறி விட்டதும் தீ அங்கிருந்து பரவிப் போக வேண்டும். அது போய்ச் சேர்வதற்குள் ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை தானாகவே பற்றிக்கொண்டால் 'டக் டக்' என்று தட்டும். அதுதான் நாக்கிங். எண் கூடக் கூட, பெட்ரோல் அந்த அழுத்தத்தைத் தாங்கிப் பொறுமையாக இருக்கும். எண்ணுக்கு இருக்கிற வேலை அது மட்டும்தான். 92-லேயே தட்டாமல் ஓடுகிற வண்டிக்கு 95 போட்டால் வேகமும் கூடாது, மைலேஜும் கூடாது.

அப்படியானால் உங்கள் வண்டிக்கு எது? முதலில் வண்டியோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள், இல்லையென்றால் டேங்க் மூடி பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். எல்லை ஊரான மியாவாடி வழியாக வருகிற தாய்லாந்து வண்டிகளில் எழுத்து தாய் மொழியில் இருக்கும். எண்ணைப் படிக்க மொழி வேண்டியதில்லை. சீன வண்டிகளின் பழைய புத்தகங்களில் 90, 93 என்று போட்டிருக்கும். அதுவும் நம் பலகையில் உள்ள ரான் கணக்குதான். அமெரிக்க வீடியோ பார்த்துவிட்டு "87 போதுமாமே" என்று ஒருவர் வந்தார். அவர்கள் எண்ணை வேறு விதமாகக் கணக்கிடுகிறார்கள். அங்கே 87 என்பது இங்கே ஏறக்குறைய 91.

அடுத்தது கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்ற எண். அது கூடினால் தட்டும் வாய்ப்பும் கூடும். வேவ் 125-க்கு அது 9.3. அதற்கு 92 தாராளம், மேலே போக வேண்டாம். சீனக் கென்போ மாதிரி காற்றில் குளிரும் சாதாரண 125 வண்டிகளுக்கும் அதேதான். ஹோண்டா கிளிக் 125-க்கு 11. பெரிய எண்ணாகத் தெரியும், ஆனால் அந்த இன்ஜின் தண்ணீரில் குளிர்கிறது, பெட்ரோலும் அளவாகப் பீச்சப்படுகிறது. அதனால் கம்பெனியே 91 போதும் என்கிறது. கம்ப்ரஷனை மட்டும் பார்த்து முடிவு எடுக்கக் கூடாது என்பதற்கு இந்த வண்டியே சாட்சி. யமஹா ஆர்15 மூன்றாவது மாடலுக்கு 11.6. அதை வைத்துக்கொண்டு விரட்டி ஓட்டுகிறவர்களை 95-க்கே போகச் சொல்லுவேன், முக்கியமாகத் திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தின வெயிலில். உள்ளே வருகிற காற்று சூடாக இருந்தால் தட்டுவது சீக்கிரம் தொடங்கும். டவுன்ஜி மாதிரி 1,400 மீட்டர் உயரத்தில் ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. அங்கே காற்று லேசு, சிலிண்டருக்குள் அழுத்தமும் குறைவு.

அப்புறம் காது. இதை நான் தாமதமாகத்தான் கற்றேன். ஒரு பையன் கிளிக் வண்டியோடு வந்து, அம்மாவை ஏற்றிக்கொண்டு பாலம் ஏறும்போது இன்ஜினில் கல் உருளுகிற சத்தம் வருகிறது என்றான். டேப்பட் (வால்வு இடைவெளி) என்று நினைத்து இரண்டு தடவை சரி செய்தேன். சத்தம் போகவில்லை. மூன்றாம் தடவை நானே பின்னால் உட்கார்ந்து போனேன். ஏற்றத்தில் முறுக்கும்போது தட்டியது, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் விட்டதும் நின்றது. டேப்பட் சத்தம் அப்படி நிற்காது. வண்டி சும்மா நிற்கும்போதும் கேட்கும். எங்கே பெட்ரோல் போடுகிறாய் என்று கேட்டேன். வெற்றிலைக் கடையில், பாட்டிலில். டேங்கைக் காலி செய்துவிட்டு, பெரிய கடையில் 92 வாங்கி ஊற்றினோம். சத்தம் போய்விட்டது. 95 தேவைப்படவே இல்லை. அந்தப் பிள்ளையை இரண்டு முறை வீணாக அலையவிட்டது இன்றும் எனக்கு வருத்தம்.

அதனால் நம் ஊரில் எண்ணைவிட முதலில் பார்க்க வேண்டியது, அந்த எண் உண்மையா என்பதை. மண்ணெண்ணெய் கொஞ்சம் கலந்தாலே 92 என்பது 92-ஆக இருக்காது. வெயிலில் நாள் கணக்கில் நிற்கும் பாட்டிலில் லேசான பகுதி ஆவியாகிப் போகும், காலையில் ஸ்டார்ட் ஆகாமல் படுத்தும். மழைக்காலத்தில் தண்ணீரும் சேரும். ஒரு வெள்ளைத்தாளில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நல்ல பெட்ரோல் சில நிமிஷத்தில் காய்ந்து தாள் பழையபடி ஆகிவிடும். எண்ணெய்க் கறை நின்றால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள். பக்கத்தில் யாரும் சுருட்டுப் பிடிக்காமல் பார்த்துக்கொண்டு செய்யுங்கள்; அந்தக் கடைகளில் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே நெருப்பு இருப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

92-ம் 95-ம் கலந்துவிட்டால் பயப்பட வேண்டாம். பாதிக்குப் பாதி என்றால் ஏறக்குறைய 93.5. அதனால் கெடுதல் ஒன்றுமில்லை.

சரி, பெரிய கடையில் வரிசை நீளம், பாட்டில்தான் வழி என்றால்? வீடு போய்ச் சேரும் அளவுக்கு மட்டும், ஒரு லிட்டர் வாங்குங்கள். பாட்டிலைத் தூக்கி அடியைப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் கீழே தனிக் கோடாகத் தெரியும். ஏற்றத்தில் பெரிய கியரில் திணறவிடாமல் ஒரு கியர் குறைத்து ஏறுங்கள். கார்புரேட்டர் வண்டி என்றால் மறுநாள் காலை, இன்ஜின் சூடாவதற்கு முன்னால், கிண்ணத்து அடியிலுள்ள ஸ்குரூவைத் தளர்த்திக் கொஞ்சம் கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் உருண்டையாக நிற்கும். அது வராமல் சுத்தமாக வரும்வரை விட்டு, அப்புறம் இறுக்குங்கள்.