“தீசிஸ் முடியட்டும், பிறகு பார்ப்பம்”

கிளிநொச்சி அறிவியல்நகரிலோ வவுனியா பம்பைமடுவிலோ உள்ள பல்கலைக்கழக வளாகங்களில் முதுமாணி, கலாநிதிப் பட்டம் என்று ஆய்வில் இருக்கும் பிள்ளைகளிடம் வேலையைப் பற்றிக் கேட்டால் அநேகமாக இந்தப் பதில்தான் வரும். நானும் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான். ஆய்வேட்டைக் கையளித்த பிறகு திருத்தம் வர மாதக்கணக்கானது. உதவித்தொகை அதற்கு முன்பே நின்றுவிட்டது. அந்த இடைவெளியில் அவசரமாக எழுதிய விண்ணப்பங்களை இப்போது எடுத்துப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

விரிவுரையாளர் கதிரை ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது அடுத்த பிழை. வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமானது உண்மை. அதற்காக ஆய்வு செய்த எல்லாருக்கும் அங்கே இடம் இருக்காது. நீர்ப்பாசனம், விவசாய ஆராய்ச்சி, குடிநீர் வழங்கல், தொண்டு நிறுவனங்கள், விதைக் கம்பனிகள் என்று வேறு வாசல்களும் உண்டு. அங்கே இருப்பவர்களிடம் போய் அரை மணித்தியாலம் கதைக்க நாங்கள் கூச்சப்படுகிறோம், அவ்வளவுதான். கலாநிதிப் பட்டத்துக்குப் பிறகு வெளிநாட்டில் ஆய்வு செய்யப் போனவர்களுக்கும் இதையே சொல்வேன். ஒப்பந்தம் ஓரிரு வருடம்தான். பாதி கழியும்போதே தேடத் தொடங்க வேண்டும்.

சரி, சுயவிபரக்கோவைக்கு வருவோம். ஊர்த் தங்கச்சி ஒருத்தி தன்னுடையதைக் கொண்டுவந்தாள். ஏழு பக்கம். பல்கலைக்கழகத்துக்கு என்றால் வெளியீடுகளோடு நீளமாக இருக்கலாம். இவள் விண்ணப்பிப்பது ஒரு தொண்டு நிறுவனத்துக்கு. இரண்டு பக்கம் போதும். முதல் பக்கம் முழுக்க சாதாரணதரப் பெறுபேறும் மாணவ தலைவி சின்னமும். ஐந்தாம் பக்கத்தில் ஒற்றை வரி: “இரணைமடுப் பகுதிக் கிணற்று நீரின் தரம் பற்றிய ஆய்வு.”

“எத்தனை கிணறு?”

“அறுபது, அண்ணை. காலபோகம், சிறுபோகம் ரெண்டிலயும் எடுத்தன்.”

“ஆர் ஒழுங்கு செய்தது?”

“நான்தான். முதல் நாள் வளவுக்குள்ளயே விடேல்லை. பிறகு கமக்காரர் அமைப்புத் தலைவரைப் பிடிச்சுக் கதைச்சன்.”

வேலை கொடுப்பவர் தேடுவது இதைத்தான். இவளோ அதைக் கஷ்டகாலக் கதையாக நினைத்து விட்டுவிட்டாள். அந்த வரியை மாற்றினோம்: “இரண்டு போகங்களில் 60 கிணறுகளில் நீர் மாதிரி எடுத்தேன். கமக்காரர் அமைப்பின் ஒத்துழைப்பைப் பெற்று, பயணம், ஆய்வுகூட நேரம், செலவு மூன்றையும் நானே திட்டமிட்டேன்.” அதை முதல் பக்கத்துக்கு ஏற்றினோம். மாணவ தலைவி சின்னம் போய்விட்டது. (அதற்குத்தான் அவளுக்குக் கொஞ்சம் மனவருத்தம்.)

பரிந்துரைக்கு மேற்பார்வையாளர் பெயர் மட்டும் இருந்தது, அவரிடமும் கேட்காமலே. கேட்டுவிட்டுப் போடச் சொன்னேன். உன் வேலையைக் களத்தில் பார்த்த ஒருவரையும் சேர் என்றேன்.

அப்புறம் கேட்டேன்: “முடிவை அந்தச் சனத்துக்குச் சொன்னியா?”

பேசாமல் இருந்தாள். நேர்முகத் தேர்வில் ஆய்வை விளக்கச் சொன்னால் அத்தியாயம் அத்தியாயமாக ஒப்புவித்துத் திணறுவது எங்களுக்குப் பழகிப்போன பிழை. அதற்குக் கண்ணாடிக்கு முன் ஒத்திகை பார்ப்பதைவிட கமக்காரர் கூட்டம் நல்ல பள்ளிக்கூடம்.

அடுத்த கிழமை போனாள். ஸ்லைட் போட மின்சாரம் இல்லை. பின்வரிசையில் இருந்த ஐயா ஒருவர் கேட்டாராம், “பிள்ளை, இந்தத் தண்ணியை மிளகாய்க்கு விடலாமோ, விடக்கூடாதோ?”

நாலு வசனத்தில் சொல்லி முடித்துவிட்டாள்.