பிள்ளை பெற்ற வீட்டுக்கு என்ன கொண்டுபோகலாம்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கரடி பொம்மையும் பிறந்த குழந்தை அளவுச் சட்டையும்தான் வாங்குகிறார்கள். அந்தச் சட்டை சில வாரத்திலேயே பற்றாமல் போய்விடும். மூன்று முதல் ஆறு மாத அளவு வாங்குங்கள், அதையும் பருவம் பார்த்து வாங்குங்கள். அக்டோபரில் பிறந்த பிள்ளைக்கு மூன்று மாதம் ஆகும்போது இங்கே ஜனவரிப் புழுக்கம். கையில்லாத பருத்திச் சட்டைதான் சரி. ஏப்ரலில் பிறந்தால் ஜூலைக் குளிர் வந்துவிடும், முழுக்கை வேண்டும்.

அலங்காரக் கூடைக்குப் பதில் குழந்தையைக் குளிப்பாட்டும் பிளாஸ்டிக் தொட்டியிலேயே சாமான்களை அடுக்கலாம். அடியில் நான்கைந்து மெல்லிய பருத்தித் துணிகள். வாசனையில்லாத சோப்பில் அலசி, வெயிலில் காயவைத்து மடித்துக் கொடுத்தால் அன்றைக்கே எடுத்துப் போர்த்தலாம்.

எனக்கு முக்கியமாகப் படுவது தாய்க்கான பங்கு. இரவு இரண்டு மணிக்கு மடியில் பிள்ளை பால் குடிக்கும்போது அவளுக்கும் பசிக்கும். ஒரு கையால் எடுத்துச் சாப்பிட ரஸ்க், பேரீச்சம்பழம், ஒரு கையாலேயே திறக்கும் தண்ணீர் பாட்டில் வையுங்கள். ரூய்போஸ் என்ற மூலிகைத் தேநீர்த் தூள் ஒரு பெட்டி. அதில் காஃபீன் கிடையாது. வீட்டில் வைத்த பூண்டுக் குழம்பு ஒரு டப்பா இருந்தால் இன்னும் நல்லது.

தேன் மட்டும் வேண்டாம். பாட்டி ஆசையாகக் குழந்தை நாக்கில் தடவிவிடுவார். ஒரு வயது முடியும்வரை தேன் கொடுக்கவே கூடாது, பொட்டுலிசம் என்ற ஆபத்தான நோய் வரலாம்.

அப்புறம், சார்ஜ் செய்யும் சின்ன விளக்கு ஒன்று. மின்வெட்டு நேரத்தில் நாப்கின் மாற்ற உதவும்.