திருவிழா சத்தத்தில் குழந்தையின் காதைக் காப்பது எப்படி

கோயில் கொடைக்கோ கல்யாண மண்டபத்துக்கோ குழந்தையோடு போனால், போனதும் ஸ்பீக்கர் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். காதை வெளியிலிருந்து மூடும் மெத்தைக் கவசமான இயர் மஃப் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் சத்தம் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். பாக்ஸிலிருந்து 2 மீட்டரில் 100 டெசிபல் என்றால் 4 மீட்டரில் 94, 8 மீட்டரில் 88. அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு தொழிலாளர்களுக்கு வகுத்த கணக்குப்படி, 100 டெசிபலைக் கால் மணி நேரம்தான் தாங்கலாம். 88 என்றால் 4 மணி நேரம். ஆறு மீட்டர் நகர்ந்ததற்கே இவ்வளவு லாபம். ஆனால் இது வளர்ந்தவர்களின் கணக்கு. குழந்தைக்கு அதையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

சத்தம் அளக்கும் கருவி தேவையில்லை. கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் 85 டெசிபலைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

குழாய் ஸ்பீக்கர் வாய் திறந்திருக்கும் பக்கம்தான் அடித்துத் தள்ளும்; அதன் பக்கவாட்டிலோ பின்னாலோ உட்காருங்கள். குழாய் நேராகத் திண்ணையைப் பார்த்து இருந்தால், "அண்ணே, குழந்தை இருக்கு, கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிவிடுங்க" என்று சவுண்ட் சர்வீஸ்காரரிடம் சொல்லிப் பாருங்கள். மண்டபத்துக்குள் சுவர்கள் சத்தத்தைத் திருப்பி அடிப்பதால் தள்ளி உட்கார்ந்தும் அவ்வளவு குறையாது. அங்கே சாப்பாட்டுக் கூடமோ வாசலோதான் கதி. அரை மணிக்கு ஒரு முறை பத்து நிமிடமாவது வெளியே கூட்டிப் போங்கள்.

இனி மஃப். குழந்தை அளவில் தனியாக விற்கிறார்கள். பெரியவர்களுடையது தளர்ந்து நிற்கும். இடைவெளி இருந்தால் சத்தம் அப்படியே புகும். மெத்தை காதைச் சுற்றி முழுதும் படிய வேண்டும். கெடுப்பது பெரும்பாலும் நம் அலங்காரம்தான்: ஜிமிக்கி, மாட்டல், காதோரம் செருகிய பூச்சரம், கண்ணாடிக் கம்பி. மாட்டியபின் விளிம்பை விரலால் சுற்றித் தடவி, முடி சிக்கியிருந்தால் ஒதுக்குங்கள். அட்டையில் 25 டெசிபல் குறைக்கும் என்று போட்டிருந்தாலும் ஓடியாடும் பிள்ளைக்கு 15 கிடைத்தாலே பெரிது. கைக்குழந்தைக்குக் கம்பி வளையம் வேண்டாம், மென்மையான துணிப்பட்டை வைத்தது வாங்குங்கள். தூங்கும்போது கழற்றிவிட்டு அமைதியான இடத்துக்குத் தூக்கிப் போங்கள்.

பஞ்சு வைப்பது மனத்திருப்திக்குத்தான். பாட்டுக் கேட்கும் ஹெட்போனும் மஃபுக்கு ஈடாகாது. நுரை இயர் பிளக்கை விவரம் தெரிந்த பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் கொடுங்கள். சின்னக் காதுத் துளைக்கு அது பெரிது, வாயில் போட்டால் தொண்டையில் அடைக்கும். கை கழுவி, பிளக்கை மெல்லிய திரியாக உருட்டி, மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காதை மேலும் பின்னும் இழுத்துச் செருகி, அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பயனில்லை.

வெடி தனிக் கதை. கோயில் வேட்டோ சரவெடியோ, ஒரே வெடிப்பில் காதைக் கெடுக்கும். "கொஞ்ச நேரம்தானே" என்பது இங்கே செல்லாது. இந்திய விதிப்படி வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 145 டெசிபல் உச்சம் வரை அனுமதி உண்டு. குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச வரம்பு 120. மேலே சொன்ன தூரக் கணக்கைப் போட்டால் எழுபது மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். தெரு அவ்வளவு நீளம் இல்லையென்றால் மஃபை மாட்டி வீட்டுக்குள் வையுங்கள்.

வீடு திரும்பியபின் "காதுக்குள்ள கொய்ங்னு கேக்குது" என்று பிள்ளை சொன்னாலோ, கூப்பிட்டால் திரும்பாமல் டிவி சத்தத்தைக் கூட்டினாலோ, அன்றும் மறுநாளும் சத்தமே வேண்டாம். மறுநாளும் சரியாகவில்லையென்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனாலோ, வெடிக்குப் பின் வலியோ ரத்தமோ இருந்தாலோ அன்றே போக வேண்டும். எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் அது நேரே நடுக்காதுக்குள் போய்விடும்.