எட்யூடை வெறும் விரல் பயிற்சியாக்கும் தவறுகள்

பியானோ மாணவர்கள் விரல் பழக வாசிக்கும் ஹானோனின் 60 பயிற்சிகளில் தொடக்கத்தில் உள்ளவற்றில் ஒரே விரலமைப்பு படிப்படியாக நகர்ந்து மேலே சென்று கீழே திரும்பும். அதற்கு மேல் அதில் எதையும் தேட வேண்டியதில்லை. எட்யூட் அப்படிப்பட்டதன்று. ஒரு நுட்பச் சிக்கலை எடுத்துக்கொண்டு, அதைத் தொடக்கமும் வளர்ச்சியும் முடிவும் உடைய இசைத்துண்டாக ஆக்கித் தருவதே எட்யூட். இந்த வேறுபாட்டை மறந்து, "முதலில் விரல் ஓடட்டும், இசையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தொடங்குவதுதான் இடைநிலை மாணவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் தவறு. ஆசிரியர்களில் பலரும் இதற்கு உடந்தை.

1850-களின் தொடக்கத்தில் வெளிவந்த, இசையமைப்பாளர் புர்க்முல்லரின் ஓபஸ் (படைப்பு எண்) 100 எட்யூட் தொகுப்பில் இரண்டாவதாக உள்ள 'அராபெஸ்க்' இதற்குத் தெளிவான சான்று. இடக்கை ஏ மைனர் கார்டை (ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டை) வாசித்துத் தாளத்தை நிறுவியதும், வலக்கை நான்கு விரைவான சுரங்களை வாசித்து ஐந்தாவதில் இறங்கி நிற்கிறது. அந்த ஐந்தின் மேலும் ஒரு ஸ்லர் வளைவு, அதாவது சுரங்களை இடைவெளியின்றி இணைத்து வாசிக்கச் சொல்லும் கோடு, போடப்பட்டிருக்கிறது. அதைப் பொருட்படுத்தாத மாணவர் ஐந்து சுரங்களையும் ஒரே அழுத்தத்தில் தட்டுவார். கடைசிச் சுரத்தை இன்னும் ஓங்கியே தட்டுவார். முதல் சுரத்தில் கையின் எடையைச் சற்றே இறக்கி, கடைசிச் சுரத்தில் மணிக்கட்டு மெல்ல எழும்படி விட்டால், சொற்றொடர் அழகாக முடிவதோடு, அடுத்த ஐந்து சுரத் தொகுதிக்குமுன் முன்கையின் இறுக்கமும் தளர்ந்துவிடுகிறது. இசைக்காக எழுதப்பட்டதுபோல் தோன்றும் அந்த வளைவு உண்மையில் கை அசைய வேண்டிய முறையையே சொல்கிறது. அதைத் தவிர்த்தவர்களுக்குப் பக்கத்தின் பாதியிலேயே கை கனக்கத் தொடங்கிவிடும்; வலிமை போதவில்லை என்று நினைத்து அவர்கள் மேலும் அழுத்தி வாசிப்பார்கள்.

அதே எட்யூடின் நடுப்பகுதியில் விரைவான சுரங்கள் இடக்கைக்கு மாறுகின்றன. வலக்கையையே நாள்முழுதும் மெருகேற்றியவர் அங்கே வந்ததும் தாளத்தில் பின்தங்குவார். எனவே முதல் நாளிலேயே இடக்கைப் பகுதியைத் தனியாக எடுத்துப் பழகுவது நல்லது. எட்யூடை எப்போதும் முதல் வரியிலிருந்தே வாசித்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

வேகம் பற்றிய தவறு இரண்டு வகையில் நிகழ்கிறது. பல பதிப்புகளில் 'அராபெஸ்க்'குக்கு நிமிடத்துக்கு 152 தட்டு என்று மெட்ரோனோம் (தாளம் தட்டிக் காட்டும் கருவி) குறிப்பு இருப்பதைப் பார்த்து, எண்ணை நாள்தோறும் ஏற்றிக்கொண்டே போவது ஒன்று. எந்த வேகத்தில் ஐந்தாவது சுரம் மென்மையை இழக்கிறதோ, அதற்கு ஒரு படி கீழேதான் மாணவரின் இன்றைய வேகம். இன்னொன்று, விரல்களை உயரத் தூக்கி வெகு மெதுவாக மட்டுமே வாசிப்பது. வேகமாக வாசிக்கும்போது அந்த அசைவுக்கு இடமே இராது என்பதால், பழகியதையெல்லாம் பின்னர் மறக்க வேண்டியதாகிறது. ஒரே ஒரு தொகுதியை உரிய வேகத்தில் வாசித்து நிறுத்தி, கையைத் தளர்த்தி, பிறகு அடுத்ததை வாசிப்பது இதைவிடப் பயனுள்ளது.

தேர்விலும் தவறு நேர்கிறது. 1833-இல் வெளியான ஷோபேனின் ஓபஸ் 10 எட்யூட் தொகுப்பு மீது மாணவர்களுக்கு ஆசை எழுவது இயல்பே. ஆயினும் அது தேர்ந்த கலைஞர்களையே சோதிப்பது. செர்னியின் எட்யூட் நூலை முதல் எண்ணிலிருந்து வரிசையாக முடிக்கச் செய்வதும் அதே அளவு வீண். மாணவர் அடுத்து வாசிக்கவிருக்கும் சொனாட்டினாவில் (சிறிய சொனாட்டா வகை இசைப்படைப்பில்) ஸ்கேல் எனும் சுரவரிசை ஓட்டங்கள் மிகுந்திருந்தால், செர்னியின் ஓபஸ் 849-இலிருந்து அதற்குப் பொருந்தும் ஒன்றிரண்டு போதும். முதன்மை மெட்டைத் துணைச் சுரங்களிலிருந்து மேலெழச் செய்யத் தெரியாதவருக்கு ஹெல்லரின் ஓபஸ் 45, 47 ஆகிய எட்யூட் தொகுப்புகளில் வேண்டியது கிடைக்கும். ஹெல்லரை நம் ஆசிரியர்கள் இன்னும் அதிகமாகக் கையில் எடுக்கலாம் என்பது என் எண்ணம்.

தெளிவற்ற ஓட்டத்தை, ஒலியை நீட்டிக்கும் பெடலால் மறைப்பதையும் தடுக்க வேண்டும். ஓரிரு வாரங்கள் பெடலே இல்லாமல் வாசிக்கச் சொன்னால், எந்த விரல் மாற்றத்தில் ஒலி அறுபடுகிறது என்பது மாணவரின் காதுக்கே தெரிந்துவிடும்; பெரும்பாலும் அங்கே விரல் எண் நாளுக்கொன்றாக மாறிக்கொண்டிருக்கும். மணிக்கட்டிலோ முன்கையிலோ வலி எடுத்தால் அன்றைய பயிற்சியை அத்துடன் நிறுத்திவிட வேண்டும். வலியைத் தாங்கிப் பழகினால் கை உறுதிப்படும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்.