பார்த்தால் தமிழ், கேட்டால் குழப்பம்: கோப்பு தயாரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பார்வையற்றவர்கள் கணினிக் கோப்புகளை என்விடிஏ, ஜாஸ் போன்ற திரைவாசிப்பான்கள் வழியாகக் கேட்டுப் படிக்கிறார்கள். இந்த மென்பொருளுக்கு எழுத்தின் வடிவம் தெரியாது. கோப்புக்குள் எந்தக் குறியீடு இருக்கிறதோ அதைத்தான் வாசிக்கும். தமிழ்க் கோப்புகள் முதலில் சறுக்குவது இங்கேதான்.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்தால் திரையில் தமிழ் தெரியும். கோப்பில் இருப்பதோ ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். காதில் விழுவதும் அதுதான். எழுத்துருவை மட்டும் லதா, நிர்மலா போன்ற ஒருங்குறி (யுனிகோடு) எழுத்துருவுக்கு மாற்றினால் போதாது. குறியீட்டையே மாற்றித்தரும் மென்பொருளில் போட்டு ஒருங்குறியாக்க வேண்டும். நடுவே ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் அர்த்தமில்லாத தமிழாகிவிடும் என்பதால், மாற்றியபின் ஒருமுறை சரிபாருங்கள்.

ஒருங்குறியிலும் ஒரு பொறி உண்டு. ‘கௌரவம்’ என்பதைக் கொம்பும் ளகரமும் சேர்த்து ‘கெளரவம்’ என்று அடிப்பது. கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். வாசிப்பான் ‘கெ-ள-ரவம்’ என்கிறது. இதைத் திருத்த ‘எல்லாவற்றையும் மாற்று’ பொத்தானை அழுத்திவிடாதீர்கள், ‘தெளிவு’, ‘வெள்ளம்’ எல்லாம் சிதைந்துபோகும். ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும். அழகுக்காக ‘அ றி வி ப் பு’ என்று இடைவெளி விட்டு அடிப்பதும் இதே வகை: சொல் உடைந்து தனித்தனி எழுத்தாகக் கேட்கும். இடைவெளி வேண்டுமென்றால் வேர்டின் எழுத்துரு அமைப்பில் எழுத்திடைவெளியைக் கூட்டுங்கள்.

தலைப்பைத் தடித்த எழுத்தாக்கிப் பெரிதாக்கினால் அது தலைப்பு ஆகிவிடாது. வேர்டில் கன்ட்ரோல், ஆல்ட், 1 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் முதல்நிலைத் தலைப்பு. 2, 3 என்றால் அடுத்தடுத்த நிலைகள். அப்போதுதான் என்விடிஏவில் ஹெச் விசையைத் தட்டித் தட்டித் தலைப்புகளுக்குத் தாவ முடியும். இல்லாவிட்டால் நாற்பது பக்கச் சுற்றறிக்கையை முதல் வரியிலிருந்தே கேட்டுக்கொண்டு வர வேண்டியதுதான்.

அட்டவணையில் கட்டங்களை இணைக்காதீர்கள். தலைப்பு வரிசையைத் தலைப்பு வரிசை என்றே குறியுங்கள். படத்துக்கு மாற்று உரை (படத்துக்குப் பதிலாக வாசிப்பான் படிக்கும் விளக்கம்) எழுதும்போது ‘வரைபடம்’ என்று மட்டும் எழுதுவதில் பயனில்லை, அது எதைக் காட்டுகிறது என்று ஒரு வரியில் சொல்லுங்கள். நிறத்தில், வெள்ளைப் பின்னணியில் 999999 என்ற நிறக் குறியீடு கொண்ட சாம்பல் எழுத்து பார்வை மங்கியவர்களுக்குத் தெரியாது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு மாறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும். 767676 அந்த எல்லையைத் தொடுகிறது.

இவ்வளவும் செய்துவிட்டுக் கடைசியில் ‘அச்சிடு’ வழியாகப் பிடிஎப் எடுத்தால், குறித்துவைத்த தலைப்புகளும் மாற்று உரையும் உதிர்ந்துபோகும். ‘இவ்வாறு சேமி’ (சேவ் ஆஸ்) வழியாகப் போய், விருப்பங்களில் கட்டமைப்புக் குறிச்சொற்கள் (எது தலைப்பு, எது படம் என்று வாசிப்பானுக்குச் சொல்லும் குறிகள்) தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

வேர்டில் உள்ள அணுகல் சோதனை, மாற்று உரை விடுபட்டிருந்தால் சொல்லும், பாமினியைக் கண்டுபிடிக்காது. அதற்கு எளிய வழி, பிடிஎப்பிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுவது. ஆங்கில எழுத்துகள் வந்தால் பழைய எழுத்துரு. தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் அது வெறும் ஸ்கேன் படம். கொம்பும் காலும் இடம்மாறி நின்றால் பிடிஎப் ஆக்கியதில் கோளாறு; வேறு மென்பொருளில் எடுத்துப் பாருங்கள், அதுவும் சரிவராவிட்டால் வேர்டு கோப்பையும் சேர்த்தே அனுப்புங்கள்.