சபாவுக்குப் புதுச் செயலாளர் வரும்போது

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, இப்போது எங்கள் ஊர் சங்கீத சபாவுக்குப் பொருளாளராக இருக்கிறேன். அதனால் சுற்று வட்டாரத்தில் எந்த சபாவில் நிர்வாகிகள் மாறினாலும் எனக்கு போன் வரும். பெரும்பாலும் பொன்னாடை, போட்டோ எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் வரும். "சார், வித்வானுக்குப் பணம் அனுப்ப முடியவில்லை. ஓடிபி பழைய செயலாளர் போனுக்குப் போகிறது. அவர் பிள்ளை வீட்டுக்கு அமெரிக்கா போய்விட்டார்."

ஆகவே பொறுப்பை மாற்றும் வேலையைப் பழையவர் பதவியில் இருக்கும்போதே தொடங்குங்கள். எங்களுக்குத் தோதான நேரம் ராமநவமி உற்சவம் முடிந்த கையோடு. கச்சேரி நெருக்கடி இருக்காது. மார்ச் 31 வரையிலான கணக்கும் தணிக்கைக்குப் போகும் சமயம் என்பதால், பொதுக்குழுவில் கணக்கையும் புது நிர்வாகிகளையும் சேர்த்தே நிறைவேற்றிவிடலாம்.

பொதுக்குழு நோட்டீஸ் அனுப்புமுன் சபாவின் சட்டதிட்டமான துணைவிதியை எடுத்துப் படியுங்கள். பீரோவின் அடித்தட்டில்தான் கிடக்கும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975ன்படி செயற்குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. திரும்பத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் தேர்ந்தெடுத்ததாகத் தீர்மானம் வேண்டும். பல சபாக்களில் அதே ஆட்களே இருக்கிறார்கள் என்பதால் தீர்மானமே எழுதுவதில்லை. ஆண்டுக் கணக்கும் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கலாகாமல் நிலுவையில் நிற்கும். அதைச் சரிசெய்யாமல் புதுப் பெயர்களை ஏற்றப் போனால் அங்கேயே சிக்கிக்கொள்வீர்கள்.

தீர்மானத்தை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் பாதி விஷயம். "புதிய செயலாளர் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்" என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு வங்கியில் ஒன்றும் நடக்காது. கவுன்டரின் அந்தப் பக்கம் உட்கார்ந்தவன் என்பதால் சொல்கிறேன், இப்படி எழுதுங்கள்: "இன்ன வங்கி, இன்ன கிளையில் உள்ள இன்ன எண் கணக்கில், இன்ன தேதி முதல் இன்னாரின் கையெழுத்து அதிகாரம் நீக்கப்பட்டு, இன்னாருக்கு வழங்கப்படுகிறது. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் எவரேனும் இருவர் கூட்டாகக் கையெழுத்திடுவர். கணக்குக்கான கைபேசி எண் இன்ன எண்ணாக மாற்றப்படுகிறது." வைப்புத்தொகை ரசீதுகளுக்கும் இதே வரிகள் வேண்டும். மறந்தால் முதிர்வு நாளில் திண்டாட்டம். அப்புறம், கைபேசி எண் யாருடைய சொந்த எண்ணாகவும் இருக்க வேண்டாம். சபா பெயரில் ஒரு சிம் வாங்கி, சாதாரண பட்டன் போனில் போட்டு வையுங்கள்.

கூட்டம் முடிந்ததும், நிர்வாகிகள் மாறியதைத் தெரிவிக்கும் 7ஆம் எண் படிவத்தைப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்யுங்கள். மூன்று மாதம் அவகாசம் இருக்கிறதே என்று ஆறப்போடாதீர்கள். அதன் சான்றிட்ட நகலைத்தான் வங்கி கேட்கும். வருமான வரித் தளத்தின் கடவுச்சொல்லையும் அதே வாரம் வாங்கிவிடுங்கள். நன்கொடையாளர்களுக்கு வரிச்சலுகை தரும் 80ஜி சான்றிதழ் வேலைக்கு மே மாதம் அது இல்லாமல் முடியாது.

காகித வேலை இவ்வளவுதான். கஷ்டம் மனிதர்களிடம். சபாவைத் தொடங்கியவரே பல காலம் செயலாளராக இருந்திருப்பார். "நான் இருக்கிறப்ப எதுக்குப்பா மாத்தணும்?" என்பார். நியாயமான வருத்தம்தான். நடனக் கலைஞர் ருக்மிணி தேவி சென்னையில் 1936ல் தொடங்கிய கலாக்ஷேத்ரா கலைப்பள்ளி, 1986ல் அவர் மறைந்து சில வருடங்களில் மத்திய அரசின் பொறுப்புக்குப் போனது. அதற்கென்றே 1993ஆம் வருடச் சட்டம் வந்தது. நம் சபாவுக்காக நாடாளுமன்றம் கூடிச் சட்டம் போடாது. பெட்ரோமாக்ஸ் காலத்து ஜமக்காளத்தோடு கதவைப் பூட்ட வேண்டியதுதான். இதை அவரிடம் நேராகவே சொல்லலாம், புரிந்துகொள்வார்.

அவருக்குக் கௌரவத் தலைவர் பதவி கொடுங்கள். மேடையில் முதல் நாற்காலி, அழைப்பிதழில் பெயர் எல்லாம் இருக்கட்டும். காசோலைக் கையெழுத்தும் செயற்குழு ஓட்டும் மட்டும் வேண்டாம். இரண்டையும் விட்டுவைத்தால் புதுச் செயலாளர் எடுபிடியாகத்தான் இருப்பார்.

அவர் தலையில் இருப்பதைக் காகிதத்துக்குக் கொண்டுவர இரண்டு மூன்று சாயங்காலம் காபியோடு உட்காருங்கள். "என்னென்ன தெரியும்?" என்று பொதுவாகக் கேட்டால் பழங்கதைதான் வரும். போன வருட அழைப்பிதழைக் கையில் வைத்து, ஒவ்வொரு கச்சேரியாகக் கேளுங்கள். பாடகருக்கு எவ்வளவு, பக்கவாத்தியத்துக்குத் தனிக் கவரா சேர்த்தா, யார் கச்சேரிக்கு முன்னால் சாப்பிட மாட்டார், எந்தப் புரவலர் வீட்டுக்கு நேரில் போய்ப் பத்திரிகை வைக்க வேண்டும், மைக் செட்காரருக்கு எவ்வளவு பாக்கி. நாங்கள் அப்படிக் கேட்டபோதுதான் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் வருடந்தோறும் ஒருநாள் கச்சேரிச் செலவைப் பெயர் போடாமல் ஏற்று வந்தது தெரிந்தது. ரசீதுப் புத்தகத்தில் "அன்பர்" என்றுதான் இருந்தது.

வாய்மொழியாகத் தேதி கொடுத்த கச்சேரிகளைத் தனிப் பட்டியலாக, பேசிய சன்மானத்தோடு எழுதி வாங்குங்கள். அந்த வித்வான்களுக்குப் பழைய செயலாளரே ஒருமுறை போன் செய்து, "இனிமேல் இவர்தான் பேசுவார்" என்று சொல்லட்டும். இல்லாவிட்டால் ஒரே சாயங்காலத்துக்கு இரண்டு பாடகர்கள் வந்து இறங்குவார்கள். இரண்டு பேருக்கும் பணம் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.