ஃபாஃப்சா நிரப்ப உட்காரும் அப்பா அம்மாக்களுக்கு

"நாம் ரெண்டு பேரும் சம்பாதிக்கிறோம், நமக்கெல்லாம் எங்கே உதவித்தொகை தரப் போகிறார்கள்?" அமெரிக்காவில் நம்மவர் வீடுகளில் பிள்ளை பதினோராம் வகுப்பை முடிக்கும்போது இந்தப் பேச்சு வந்துவிடும். எங்கள் வீட்டிலும் வந்தது. 2024 பிப்ரவரியில் என் கணவருக்கு வேலை போனது. மகள் அடுத்த வருஷம் கல்லூரியில் சேர வேண்டும். அதற்கு அப்புறம்தான் ஃபாஃப்சா என்கிற, கல்லூரிப் படிப்புக்கான அமெரிக்க மத்திய அரசின் உதவிப் படிவத்தை வரி வரியாகப் படித்தேன்.

படித்ததும் எனக்குத் திக்கென்றது. இந்தப் படிவம் இன்றைய சம்பளத்தைக் கேட்பதே இல்லை. இரண்டு வருஷத்துக்கு முந்தைய வரிக்கணக்கைத்தான் பார்க்கிறது. 2025இல் சேர்ந்த என் மகளுக்கு 2023 கணக்கு. 2027இல் சேரப்போகும் பிள்ளைக்கு 2025 கணக்கு. நடுவில் வேலை போனது, வைத்தியச் செலவு வந்தது எதுவும் அதற்குத் தெரியாது. அதைத் தனியாகச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. ஆனால் அதற்கு முதலில் படிவம் உள்ளே போயிருக்க வேண்டும்.

யார் போடலாம் என்பதில்தான் குழப்பம் அதிகம். பார்க்கப்படுவது பிள்ளையின் நிலை. பிள்ளை இங்கே பிறந்திருந்தாலோ, கிரீன் கார்டு இருந்தாலோ போடலாம். நீங்கள் எச்-1பி என்கிற வேலை விசாவில் இருப்பது தடையில்லை. பெற்றோருக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் (அரசு தரும் அடையாள எண்) இல்லாவிட்டாலும் படிவத்துக்கான இணையக் கணக்குத் தொடங்கலாம். பிள்ளையே எச்-4 விசாவில், அதாவது எச்-1பி காரரின் குடும்பத்துக்குத் தரும் விசாவில் இருந்தால் மத்திய அரசின் உதவி கிடைக்காது. அப்போதும் மனம் விட்டுவிடாதீர்கள். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி. போன்ற இடங்கள் வெளிநாட்டு மாணவர்களுக்கும் வீட்டு நிலைமையைப் பார்த்துத் தங்கள் சொந்தப் பணத்திலிருந்து உதவுகின்றன.

படிவம் வழக்கமாக அக்டோபர் 1 வாக்கில் திறக்கும். போடக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள். அரசின் ஸ்டூடன்ட்எய்டு தளத்தில் பிள்ளைக்கு ஒரு கணக்கு, பெற்றோருக்கு ஒரு கணக்கு வேண்டும். கணவன் மனைவி சேர்ந்து வரி கட்டுபவர்கள் என்றால் ஒருவர் கணக்குப் போதும். இந்தக் கணக்குகளைக் கோடை விடுமுறையிலேயே தொடங்கிவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

என் சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் கடைசிப் பெயராக இருப்பது அப்பாவின் பெயர். வங்கியிலும் அலுவலகத்திலும் கணவரின் பெயர். பழக்கத்தில் கணவரின் பெயரைத் தட்டிவிட்டேன். பெயர் ஒத்துவரவில்லை என்று கணக்கு நின்றுபோனது. அதைச் சரிசெய்ய ஒரு வாரம் அலைந்தேன். இனிஷியல், அப்பா பெயர், கணவர் பெயர் என்று ஆளுக்கொரு விதமாகப் பெயர் எழுதுகிற நமக்கு இது அடிக்கடி நடக்கக்கூடியது. அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் இருக்கிற எழுத்தை அப்படியே அடியுங்கள். பிள்ளையின் பெயருக்கும் அதேதான்.

உள்ளே போனதும் வருமான வரித்துறையிடமிருந்து உங்கள் வரிக்கணக்கை எடுத்துக்கொள்ள அனுமதி கேட்கும். கொடுத்துவிடுங்கள், கொடுக்காவிட்டால் மத்திய உதவி எதுவும் கிடையாது.

அடுத்து சொத்து. இங்கே நிதானமாக உட்காருங்கள். நீங்கள் குடியிருக்கும் வீடு, ஓய்வூதியக் கணக்குகள், கார், நகை இவற்றைச் சேர்க்க வேண்டாம். வங்கி இருப்பு, பங்குகள், கல்லூரிச் செலவுக்குச் சேமிக்கும் 529 கணக்கு இவற்றைச் சேர்க்க வேண்டும். ஊரில் உங்கள் பெயரில் இருக்கும் மனை, வாடகைக்கு விட்ட ஃபிளாட், அங்குள்ள வங்கியில் போட்ட டெபாசிட் எல்லாமே கணக்கில் உண்டு. "இங்கே யாருக்குத் தெரியப் போகிறது" என்று விட்டுவிடாதீர்கள், கையெழுத்துப் போடப்போவது உங்கள் பிள்ளையும்தான். பெற்றோர் சேமிப்பில் அதிகபட்சம் 5.64 சதவீதத்தைத்தான் படிப்புக்கு எதிர்பார்க்கிறார்கள். பிள்ளை பெயரில் இருக்கும் பணத்தில் 20 சதவீதம். பிறந்தநாள் பணத்தைப் பிள்ளை பெயரிலேயே சேர்த்துவருபவர்கள் இதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது. இருப்பு என்பது படிவம் போடும் நாளின் இருப்பு. கிரெடிட் கார்டு பாக்கியை அது கழிக்காது, அதனால் கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டு உட்காருங்கள்.

ஊரில் இருக்கும் அம்மா அப்பாவுக்கு மாதாமாதம் அனுப்பும் பணத்துக்குப் படிவத்தில் இடமே இல்லை. எனக்கு இது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. வேலை போனதைப் பற்றிக் கல்லூரிக்கு எழுதும்போது அதையும் குறிப்பிட்டேன்.

பல தனியார் கல்லூரிகள் சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்று இன்னொரு படிவமும் கேட்கும். அது இன்னும் துருவும், குடியிருக்கும் வீட்டையும் கேட்கும். முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்தடுத்ததற்கு 16 டாலர். வருமானம் ஒரு லட்சம் டாலருக்குள் இருந்தால், இங்கே இளங்கலை சேரும் பிள்ளைக்கு அந்தக் கட்டணமும் இல்லை.

மார்ச் வாக்கில் கல்லூரிகளிலிருந்து உதவிக் கடிதம் வரும். மொத்தத் தொகையைப் பார்த்துச் சந்தோஷப்படுவதற்கு முன் ஒரு தாளில் பிரித்து எழுதுங்கள். கிராண்ட், ஸ்காலர்ஷிப் என்றிருப்பது திருப்பித் தர வேண்டாதது. வொர்க்-ஸ்டடி என்பது பிள்ளை வேலை பார்த்துச் சம்பாதிக்க வேண்டியது. லோன் என்றால் கடன், அதையும் 'உதவி' என்ற தலைப்பிலேயே போடுகிறார்கள். முதல் வருஷப் பிள்ளைக்கு அரசுக் கடன் பொதுவாக 5,500 டாலர் வரைதான். அதற்கு மேல் கடன் காட்டியிருந்தால் அது யார் பெயரில் என்று பாருங்கள். பெரும்பாலும் பெற்றோர் பெயரில் வாங்குகிற கடனாக இருக்கும்.

சரி, வேலை போன விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வருஷத்துக்கு முந்தைய வருமானம் இன்றைய நிலைமைக்குப் பொருந்தவில்லை என்றால், கணக்கை மாற்றிப் பார்க்கக் கல்லூரியின் உதவி அலுவலகத்துக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டு. புரொஃபெஷனல் ஜட்ஜ்மென்ட் என்பார்கள். ஃபாஃப்சாவில் எண்ணை நாமாக மாற்றக் கூடாது, கல்லூரிக்குத்தான் எழுத வேண்டும். நான் முதலில் எழுதிய கடிதம் இரண்டு பக்கம், முழுக்க எங்கள் வேதனை. மகள் படித்துவிட்டு, "அம்மா, இதில் எண் ஒன்றுகூட இல்லையே" என்றாள். திருத்தி அரைப் பக்கமாக்கினேன்: வேலை போன தேதி, 2023 வருமானம், இப்போதைய வருமானம், ஊருக்கு அனுப்பும் தொகை. கூடவே வேலைநீக்கக் கடிதம், வேலையில்லா உதவித்தொகை வந்த ரசீது, எட்டு மாதம் கழித்துக் கிடைத்த புது வேலையின் மூன்று சம்பளச் சீட்டு.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. ஒரு கல்லூரி மறுத்துவிட்டது. இன்னொன்று வருஷத்துக்கு 6,000 டாலர் கிராண்ட் கூட்டித் தந்தது. மகள் அங்கேதான் படிக்கிறாள். ஃபாஃப்சாவை வருஷா வருஷம் புதிதாகப் போட வேண்டும் என்பதால் சம்பளச் சீட்டுகளை ஒரு கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன்.